செக்ரோலில் விழாத பேர்கள்

(சப்ரகமுவ தோட்டக் கமிட்டிகளின் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியும் கிலோக் கணக்கைப் பற்றியும் பேசப் போவதில்லை. அதற்கு அடுத்த கூட்டம் இருக்கிறது. இன்றைக்கு ஞாபகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒரு பெரிய அழிவு நடந்து முடிந்தபின், அதில் தப்பிப் பிழைத்தவர்களை யார் ஞாபகம் வைக்கிறார்கள், யார் மறக்க வைக்கிறார்கள் என்பதைப் பற்றி.

இந்த ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்கு ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தில் மணி அடித்தார்கள். எல்லோரும் தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். 1945இல் அதே நேரத்தில்தான் அந்த நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்தது. மூன்று நாள் கழித்து நாகசாகியில் இரண்டாவது குண்டு. அந்த வருஷம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 140,000 பேரும், நாகசாகியில் ஏறக்குறைய 74,000 பேரும் இறந்தார்கள் என்று அந்த நகரங்கள் கணக்குச் சொல்கின்றன. 80 வருஷம் கழிந்தும் உலகம் அதை நினைக்கிறது. நினைக்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் நமக்கும் ஒரு மாதம். 1977 ஆகஸ்ட். 1981 ஆகஸ்ட். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் இருக்கும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். பேச்சு நிற்கும். ஆனால் நமக்காக எங்கேயும் மணி அடிக்கவில்லை. கோயில் மணிகூட அடிக்கவில்லை.

ஹிரோஷிமாவையும் நமது லயங்களையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. ஒரு நகரமே சாம்பலானதும், லயங்கள் எரிக்கப்பட்டு மக்கள் காட்டுக்கு ஓடியதும் ஒரே அளவு என்று யாரும் சொல்ல முடியாது. நாங்கள் கேட்கும் கேள்வி வேறு. தப்பியவர்களின் கதை அங்கே எப்படி உலகத்துக்குத் தெரிந்தது? இங்கே ஏன் அது லயத்து வாசலைத் தாண்டவில்லை?

ஞாபகத்துக்கும் ஒரு செக்ரோல் உண்டு

செக்ரோல் என்றால் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. காலையில் பிரட்டுக்குப் போய், மலை ஏறி, மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கிக் கொழுந்து பறித்தாலும், கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் பேர் விழாவிட்டால் அந்த நாள் இல்லாத நாள்தான். அரைப்பேர் விழுந்தால் அரைநாள்தான். கை வலி முழுநாள் வலியாக இருக்கும். கணக்கு அரைநாளாக இருக்கும்.

சரித்திரமும் இப்படித்தான். பட்டபாடு ஒரு பக்கம், எழுதப்பட்டது ஒரு பக்கம். அரசாங்கம், ஆணைக்குழு, நீதிமன்றம், பாடப்புத்தகம், பத்திரிகை, நினைவுச்சின்னம், சங்கம் ஆகிய எல்லாமே புத்தகம் வைத்திருக்கும் கணக்கப்பிள்ளைமார்தான். யாருடைய பேரைப் போடுவது, யாருக்கு அரைப்பேர், யாரை விட்டுவிடுவது என்று அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். காலம் போனபின் ஜனங்களின் ஞாபகத்தில் நிற்பது பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான்.

ஹிரோஷிமாவிலும் பேர் தானாக விழவில்லை. அது எப்படி விழுந்தது என்று பாருங்கள்.

குண்டு விழுந்த அடுத்த மாதமே, ஜப்பானைக் கைப்பற்றியிருந்த அமெரிக்கப் படை பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டது. குண்டினால் மக்கள் பட்ட கஷ்டத்தை வெளிப்படையாக எழுத முடியவில்லை. அமெரிக்கர்கள் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். தப்பியவர்களை அழைத்துப் போய் உடம்பைப் பரிசோதித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஆனால் அந்த நிலையம் மருந்து கொடுக்க வைத்த இடமல்ல. ஆராய்ச்சிப் புத்தகத்தில் அவர்களுடைய இரத்தத்துக்கு இடம் இருந்தது. அவர்களுடைய வாய்க்கு இடம் இருக்கவில்லை.

தப்பியவர்களும் பேசவில்லை. பேசினால் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்காது, வேலை கிடைக்காது என்ற பயம். அந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தார் ஒதுங்கினார்கள். வீட்டுக்குள்ளேயே மறைத்து வாழ்ந்தவர்கள் ஏராளம்.

1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினித் தீவில் ஐதரசன் குண்டு வெடித்துச் சோதனை செய்தது. கடலுக்குப் போயிருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் அதன் சாம்பல் விழுந்து மீனவர்கள் நோயுற்றார்கள். அதற்குப் பிறகுதான் ஜப்பானில் சாதாரண வீட்டுப் பெண்கள் கையெழுத்து வேட்டை தொடங்கினார்கள். மூன்று கோடிக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தது. 1956 ஆகஸ்டில் நாகசாகியில் தப்பியவர்கள் கூடித் தங்களுக்கென்று நாடு முழுவதற்குமான ஒரு சங்கத்தை அமைத்தார்கள். அதன் பேர் நிஹோன் ஹிடான்கியோ. அடுத்த வருஷமே, 1957இல், தப்பியவர்களுக்கான மருத்துவச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்புத்தகம் கொடுக்கப்பட்டது. குண்டு விழுந்தபோது எங்கே இருந்தாய், அதற்குச் சாட்சி யார் என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள். அந்தக் கைப்புத்தகம் இருந்தால்தான் அரசாங்கக் கணக்கில் அவர் தப்பியவர்.

கவனியுங்கள் தோழர்களே. முதலில் சங்கம். பிறகு சட்டம். பிறகு கைப்புத்தகம். பேர் விழுவதற்கு முன்னால் சங்கம் சேர வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்துக்குத்தான் 2024இல் நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் புத்தகத்திலும் விடுபட்டவர்கள்

இதோடு நிறுத்தினால் கதை பாதிதான். ஹிரோஷிமாவில் குண்டுக்குப் பலியானவர்கள் ஜப்பானியர் மட்டுமல்ல. அன்றைக்குக் கொரியா ஜப்பானின் ஆட்சிக்குக் கீழே இருந்தது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த கொரியர்களும், கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட கொரியர்களும் அந்த இரண்டு நகரங்களிலும் பல்லாயிரக்கணக்கில் இருந்தார்கள். கடல் கடந்து கூலிக்குப் போன கதை நமக்குத் தெரியாத கதையா?

தப்பிய கொரியர்களில் பெரும்பாலோர் யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அங்கே அவர்களுக்கு வைத்தியமும் இல்லை, கைப்புத்தகமும் இல்லை. சோன் ஜின்-டு என்ற கொரியர் 1970இல் அனுமதியில்லாமல் படகேறி ஜப்பானுக்கு வந்து, தனக்கும் கைப்புத்தகம் வேண்டும் என்று வழக்குப் போட்டார். 1978இல் ஜப்பானின் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் அதற்குள், 1974இல், அரசாங்கம் ஒரு சுற்றுநிருபம் அனுப்பியிருந்தது. கைப்புத்தகம் உள்ளவர் ஜப்பானை விட்டு வெளியேறினால் அவருடைய கொடுப்பனவு நின்றுவிடும் என்று. எல்லையைத் தாண்டினால் தப்பியவர் தப்பியவர் இல்லையாம். உடம்பில் இருக்கும் நோய் எல்லை பார்த்தா நிற்கும்? பல வழக்குகளுக்குப் பிறகு 2003இல்தான் அந்தச் சுற்றுநிருபத்தைக் கைவிட்டார்கள்.

நினைவுக்கல்லுக்கும் அதே கதைதான். இறந்த கொரியர்களுக்காக 1970இல் ஹிரோஷிமாவில் ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். ஆனால் சமாதானப் பூங்காவுக்குள்ளே அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம். அது 1999இல்தான் பூங்காவுக்குள் கொண்டுவரப்பட்டது. 29 வருஷம் அந்தக் கல் வெளியில் நின்றது.

ஆக, சமாதானத்துக்காகவே கட்டிய இடத்தில்கூட வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒரு புத்தகம் இருப்பது மட்டும் போதாது. அதில் யார் விடுபட்டார்கள் என்று கேட்கவும் ஆள் வேண்டும்.

நம் பக்கத்துப் புத்தகங்கள்

இனி நம் ஊருக்கு வருவோம்.

1977 ஜூலையில் தேர்தல் நடந்தது. ஆகஸ்ட் நடுவில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கலவரம் சில நாட்களுக்குள் தெற்குக்கும் மலைநாட்டுக்கும் பரவியது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் தப்பவில்லை. யாழ்ப்பாணத்தை ஒரு நாளும் கண்ணால் பார்க்காத சனங்கள் அடிபட்டார்கள். 1981இல் திரும்பவும் ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்தில் நெருப்பு வைத்தார்கள். பிறகு 1983 ஜூலை வந்தது. நான்கு வயதில் ஒருமுறை, எட்டு வயதில் ஒருமுறை, பத்து வயதில் ஒருமுறை தேயிலைச் செடிக்கடியில் ஒளிந்தவர்கள் நம் இடையில் இருக்கிறார்கள்.

ஜப்பானுக்கும் இதற்கும் ஒரு முடிச்சு உண்டு. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் நம் நாட்டின் சார்பில் ஜே.ஆர். ஜயவர்தன எழுந்து, ஜப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்று புத்தரின் போதனையைச் சொல்லிப் பேசினார். அந்தப் பேச்சு இன்றும் பெருமையாக நினைக்கப்படுகிறது. நல்ல பேச்சுத்தான். அதே தலைவர் 1977 ஆகஸ்டில் பிரதமர். 1981இலும் 1983இலும் ஜனாதிபதி. 1951இல் பேசியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அவருடைய ஆட்சியில் லயத்தில் நடந்தது லயத்துக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

1977 கலவரத்தை விசாரிக்க ஓர் ஆணைக்குழு போட்டார்கள். முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைவர். 1977 ஆகஸ்ட் 13 முதல் செப்டெம்பர் 15 வரை நடந்தவற்றை விசாரிப்பது அதன் வேலை. 1980இல் அறிக்கை வந்தது. 2001இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க இன்னொரு ஆணைக்குழு போட்டார். முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைவர். 1981 முதல் 1984 வரை நடந்த இன வன்செயல்களை விசாரிப்பது அதன் வேலை. 2004 ஜூலையில், கறுப்பு ஜூலைக்காக, ஜனாதிபதி நாட்டு மக்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார்.

இவை நடந்தது நல்லதுதான். ஒன்றுமே எழுதாமல் விட்டதைவிட நல்லது. ஆனால் ஒரு கணக்குப் புத்தகத்துக்குக் கோடு போடுவதைப் போல, ஆணைக்குழுவுக்குத் திகதி போடுகிறார்கள். செப்டெம்பர் 15உடன் கோடு நிற்கிறது. அதற்குப் பிறகு காட்டில் குளிர்காய்ச்சல் கண்டு இறந்த குழந்தை அந்தக் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? பயந்து தோட்டத்தைவிட்டுப் போனவர் டிசம்பரில் வேலையில்லாமல் பட்டினி கிடந்தது எந்தப் பக்கத்தில் சேரும்?

இன்னொன்று. ஆணைக்குழுவிடம் போக மனு எழுத வேண்டும். இழந்த பொருளுக்கு அத்தாட்சி வேண்டும். டவுனில் கடை வைத்திருந்தவருக்கு உறுதி இருக்கும், பற்றுச்சீட்டு இருக்கும். லயக்காம்பராவில் எரிந்ததற்கு என்ன அத்தாட்சி? காம்பரா தோட்டத்தின் சொத்து. நம்முடையது ஒரு பித்தளைக்குடம், அம்மி, ஒரு சோடித் தோடு, கறவை மாடு, சாமிப்படம், தகரப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரம். அத்தாட்சியும் அந்தப் பெட்டியோடு எரிந்துபோனது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. 1977இல் அடிபட்டவர்களில் பெருந்தொகையினர் வாக்கில்லாதவர்கள். கப்பலுக்குக் காத்திருந்தவர்கள். வாக்கில்லாதவரின் கஷ்டத்தை எழுத எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? அடி வாங்கியபின் பலர் வேகமாகக் கப்பலேறிவிட்டார்கள். தமிழ்நாட்டில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதப்பட்டார்கள். கலவரத்தில் தப்பி ஓடியவர் என்று அந்தக் காகிதத்தில் இல்லை.

இன்னும் ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். அவர்களைக் குடியமர்த்த உதவியது காந்தீயம் அமைப்பு. அதை நடத்திய டொக்டர் இராஜசுந்தரம் கைது செய்யப்பட்டு, 1983 ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வன்னிக்குப் போன நம் சனம் அங்கே காடு வெட்டிக் குடிசை போட்டு, 2009 வரை நடந்த யுத்தத்தையும் பார்த்தது. இன்று அவர்களைப் பற்றி யாராவது எழுதினால் ‘வன்னி மக்கள்’ என்று எழுதுவார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர் நம் சப்ரகமுவ மலையிலிருந்து நெருப்புக்குப் பயந்து போனவர்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறது. எல்லையைத் தாண்டிய கொரியரின் கைப்புத்தகத்துக்கு நடந்தது இதுதான். இடம் மாறினால் பேரும் அழிந்துபோகிறது.

சங்கத்தின் புத்தகமும் பாடசாலையின் புத்தகமும்

அரசாங்கத்தைக் குறை சொல்லிவிட்டுப் போனால் கை தட்டுவீர்கள். ஆனால் நாமும் ஒரு நிறுவனம்தான். நம் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனை மலையகம் மறக்கவில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் நிலத்தைப் பறிக்க வந்ததை எதிர்த்த போராட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனை மறக்கவில்லை. ஏன்? சங்கங்கள் அவர்களுடைய பேரைத் தூக்கிப் பிடித்தன. நோட்டீஸ் அடித்தன, கூட்டம் போட்டன, வருஷா வருஷம் நினைவுநாள் வைத்தன. சங்கம் நினைத்தால் ஞாபகத்தை உயிரோடு வைக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதே 1977தான். மே மாதத்து லெட்சுமணனுக்கு நினைவுநாள் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து ஆகஸ்டில் அடிபட்டவர்களுக்கு இல்லை. போராட்டத்தில் நெஞ்சைக் காட்டி நின்றவரை ‘தியாகி’ என்று எழுத நமக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவில் ஓடிய தாயை என்னவென்று எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை. ஓடியதில் என்ன பெருமை என்று விட்டுவிட்டோம். பெருமைக்காக எழுதுவதல்ல. நடந்ததால் எழுதுவது. அந்தத் தாய் ஓடியிருக்காவிட்டால் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள்.

பாடசாலையும் அப்படித்தான். நாங்கள் படிப்பிக்கும் சரித்திரப் புத்தகத்தில் உலக யுத்தம் இருக்கிறது. ஹிரோஷிமா இருக்கிறது. பிள்ளைகள் குண்டு விழுந்த திகதியை எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். ஆனால் தன் பாட்டி எந்த வருஷம் எந்தத் தோட்டத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்கு வந்தாள், ஏன் வந்தாள் என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பாட்டி சொல்லவில்லை. நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

“பழசைக் கிளற வேண்டாம்”

இந்தப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான். “பழசைக் கிளற வேண்டாம் தம்பி. சுத்திவர சிங்களக் கிராமம். நாளைக்கு நாமதானே இங்கே இருக்கணும்.” அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்யமாட்டோம். நுவரெலியாவைப் போல நாம் இங்கே கூட்டமாக இல்லை. ஒரு டிவிஷன் இங்கே, ஒரு டிவிஷன் அங்கே என்று கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறோம். ஒரே கடை, ஒரே பஸ், ஒரே ஆஸ்பத்திரி.

ஆனால் ஞாபகம் வைப்பது வேறு, பழி வைப்பது வேறு. நம் மாவட்டத்துச் சிங்களப் பெற்றோரே அதைக் காட்டியிருக்கிறார்கள். 1989, 90 பயங்கர காலத்தில் எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டுக் காணாமலானார்கள். அவர்களுடைய தாய் தகப்பன்மார் சும்மா இருக்கவில்லை. ஒன்றாகச் சேர்ந்தார்கள். பேர்ப்பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொரு வாசலாக ஏறினார்கள். 1994இல் சூரியகந்தவில் மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டபோது நாடே பேசியது. 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் இராணுவத்தினர் சிலரையும் ஒரு பாடசாலை அதிபரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. போன பிள்ளைகள் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் இல்லவே இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. அந்தப் பெற்றோர் யாரையும் பழிவாங்கப் பேர் எழுதவில்லை. பிள்ளையின் பேர் அழியக்கூடாது என்று எழுதினார்கள். அது நமக்குப் பாடம்.

இன்னொன்றையும் பெரியவர்கள் சொல்வார்கள். பொல்லோடு வந்தவர்கள் இருந்ததைப் போலவே, கதவைத் திறந்து உள்ளே இழுத்து மறைத்து வைத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. பலாக்காய் அவித்துக் கொடுத்தவர்கள், ரப்பர் மலைக்குள் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து வைத்தவர்கள். அவர்களுடைய பேரும் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டால் கெட்டவனுடைய கதையும் அழிகிறது, நல்லவனுடைய கதையும் அழிகிறது. அடித்தவன்தான் அதில் லாபம் அடைகிறான். அடைக்கலம் கொடுத்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகளுக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தால், அடுத்த முறை யாராவது நெருப்புப்பெட்டியை எடுக்கும்போது இரண்டு பக்கத்திலும் கை நீண்டு தடுக்கும்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே இந்தக் கூட்டத்தில் ஒரு வேலையை உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு கொப்பி. சி.ஆர். கொப்பி ஒன்று போதும். அதுதான் நம் செக்ரோல்.

அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான். பேர். அப்போது என்ன வயது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம். எந்த வருஷம் நடந்தது. யார் யார் இறந்தார்கள், யார் காணாமல் போனார்கள். எங்கே ஒளிந்தார்கள், எத்தனை நாள். யார் அடைக்கலம் கொடுத்தார்கள். என்ன எரிந்தது. பிறகு எங்கே போனார்கள், எப்போது திரும்பினார்கள். இந்தியாவுக்கோ வன்னிக்கோ போன சொந்தக்காரர் யார். விட்டு ஓடிய தோட்டத்தில் இ.பி.எப். பணமும் சேவைக்காலப் பணமும் எடுத்தார்களா, இல்லையா. கடைசிக் கேள்வி கடந்த காலத்துக் கேள்வி அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

சில ஒழுங்குகளும் வேண்டும். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. முக்கியமாகப் பெண்களிடம், அவர்கள் சொல்லாமல் விட்டதைத் தோண்டிக் கேட்கக் கூடாது. மாதர் சங்கத் தோழிகள்தான் அவர்களோடு இருந்து கேட்க வேண்டும். பேர் போட வேண்டாம் என்று சொன்னால் பேர் போடாமல் எழுத வேண்டும். அடித்தவன் என்று யாருடைய பேரையும் கேள்விப்பட்டதை வைத்து எழுதக் கூடாது. எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். பிழையிருந்தால் அவர் முன்னாலேயே திருத்த வேண்டும். நமக்கு வாசிக்கத் தெரியாத காலத்தில் எவனெவனோ எழுதியதற்குக் கைநாட்டு வைத்தோம். அந்த வேலையை நாம் நம் பெரியவர்களுக்குச் செய்யக் கூடாது.

எழுதும் வேலைக்கு ஓ.எல்., ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்கிறோம். ஒரு டிவிஷனுக்கு இரண்டு பேர் போதும். எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது என்று சனிக்கிழமைகளில் நாங்கள் சொல்லித் தருகிறோம். ஒரு பிரதி டிவிஷனில் இருக்கட்டும். ஒரு பிரதி சங்கக் காரியாலயத்தில். கம்பளையில், பாரதெக்க பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் நம் மக்களுக்கென்று ஒரு நூதனசாலை இருக்கிறது. சம்மதித்தவர்களின் பிரதியை அங்கேயும் கொடுத்து வைக்கலாம். ஒரே பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கு முன்பே தெரியும்.

காலம் அதிகம் இல்லை. ஜப்பானில் கைப்புத்தகம் வைத்திருப்பவர்களின் தொகை 2025இல் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போது அவர்களுடைய சராசரி வயது 86. ஹிரோஷிமாவில் நினைவுச்சின்னத்துக்கு அடியில் ஒரு கற்பெட்டி இருக்கிறது. இறந்தவர்களின் பேரேடு அதற்குள் இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்ட் 6உம் அதைத் திறந்து, அந்த வருஷத்தில் இறந்த, குண்டுக்குத் தப்பியவர்களின் பேரைச் சேர்க்கிறார்கள். 340,000 பேருக்கு மேல் சேர்ந்தாயிற்று.

நமக்குக் கற்பெட்டி இல்லை. ஆனால் 1977இல் பத்து வயதாக இருந்தவருக்கு 2025இல் 58. முப்பது வயதாக இருந்தவருக்கு 78. ஒவ்வொரு மழைக்காலத்திலும் லயத்தில் ஒருவர் இரண்டு பேரைக் கொண்டுபோய்ப் புதைக்கிறோம். தப்படித்து, மாலை போட்டு, மரியாதையாகத்தான் அனுப்புகிறோம். அவர்களோடு ஒரு செக்ரோலும் மண்ணுக்குள் போகிறது.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தன் டிவிஷனிலிருந்து கொப்பி எழுதப் போகும் இரண்டு பிள்ளைகளின் பேரைக் கொண்டுவாருங்கள். கொப்பியைச் சங்கம் கொடுக்கும். அதற்கு முன்னால், இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, 77இல் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொல்லாவிட்டால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, இன்னொரு நாள் கேளுங்கள்.